பன்னிரண்டு வருடம் உழைத்த ரவுட்டருக்கு ஒரே ஒரு நட்சத்திரம்

இந்த ரவுட்டருக்கு 2013இல் நானே ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறேன். வாங்கி நான்கு நாள்கூட ஆகியிருக்காது, வாங்கிய தளத்திலேயே "ரேஞ்ச் சூப்பர், மாடி வரைக்கும் எடுக்குது, தாராளமா வாங்கலாம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு வந்துவிட்டேன். அந்த வரி இன்னும் அங்கேதான் கிடக்கிறது, பதினேழு பேர் 'பயனுள்ளது' என்று வேறு அமுக்கியிருக்கிறார்கள். அந்தப் பதினேழு பேர் வீட்டிலும் அந்தப் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதோ என்னவோ என்று போன மாதத்திலிருந்து அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். போய்த் திருத்தலாம் என்று பார்த்தால் அந்த மாடலே இப்போது விற்பனையில் இல்லை, திருத்துகிற பட்டனும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் "ஓ, அதுவா, எங்க வீட்டுல வேற கம்பெனி" என்று நிம்மதியாகத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறையவே இருந்தது. விலை 1,150 ரூபாய். மன்னார்குடியில் அப்பா வீட்டில், டிவி ஷெல்ஃபுக்கு மேலே, அம்மா பின்னிய குரோஷா துணி ஒன்றைப் போர்த்திக்கொண்டு பன்னிரண்டு வருடம் உட்கார்ந்திருந்தது. 2018இல் கஜா புயல் அடித்து ஊரே நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. கரண்ட் வந்த அன்றே ஒன்றும் நடக்காததுபோல் பச்சை விளக்கைக் காட்டியது. ஒரு தடவை அடாப்டர் போனது, 150 ரூபாய்க்கு வேறு போட்டோம். இரண்டு ஆன்டெனாவில் ஒன்று முறிந்து, அப்பா அதை ரப்பர் பேண்டால் கட்டி நிமிர்த்தி வைத்திருந்தார். எறும்பு ஒரு முறை உள்ளே குடித்தனம் வைத்தது. அதற்கும் அசரவில்லை.

இவ்வளவு நன்றாக உழைத்ததுதான் வினையாகப் போனது. பழைய மிக்ஸி சத்தம் போட்டுச் சொல்லிவிடும், பழைய ஃப்ரிட்ஜ் கரண்ட் பில்லில் மாட்டிவிடும். ரவுட்டர் மட்டும் செத்தால்தான் சொல்லும். அதன் உள்ளே ஓடும் ஃபர்ம்வேர் என்பது ஒரு சின்ன கம்ப்யூட்டரின் மென்பொருள், அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும், அடைக்கப்படும், பிறகு இன்னொரு ஓட்டை. இந்த அடைக்கிற வேலையைக் கம்பெனி என்றைக்கு நிறுத்துகிறதோ அன்றைக்கே அந்தப் பெட்டியின் ஆயுசு முடிந்தது என்று பொருள், பச்சை விளக்கு எத்தனை வருடம் எரிந்தாலும் சரி. எங்கள் பெட்டிக்குக் கடைசியாக வந்த ஃபர்ம்வேர் 2014ஆம் வருடத்துடையது. நாங்கள் வாங்கி ஒரு வருடம். மிச்சம் பதினோரு வருடம் அது கேட்பாரற்று இணையத்தைப் பார்த்தபடி நின்றிருக்கிறது.

எப்படித் தெரிந்தது என்றால், அப்பாவுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. நெட் கொடுக்கும் கம்பெனி பெயரில், உங்கள் இணைப்பில் உள்ள ஏதோ ஒரு கருவி பாட்நெட்டில் (திருடன் ஒருவன் தூரத்திலிருந்து ஆட்டிவைக்கும் கருவிகளின் கூட்டம்) சிக்கியிருக்கலாம், சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தைப் பாருங்கள் என்று. அப்பா அதை அழித்துவிட்டார். மறுபடி வந்தது, மறுபடி அழித்தார். மூன்றாவது தடவை எனக்குப் போன் போட்டு, "நீ சொன்ன மாதிரியே எந்த லிங்க்கையும் தொடலப்பா, டெலிட் பண்ணிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருடமாக அவருக்குப் பாடம் எடுத்தவன் நான். உண்மையான எச்சரிக்கையும் திருட்டு எஸ்எம்எஸ்ஸும் ஒரே மொழியில் பேசினால் மனிதர் என்னதான் செய்வார்? (தெரியாதவர்களுக்கு: அந்தக் கேந்திரா நிஜமாகவே மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017இல் தொடங்கியது. எந்த ஐபி முகவரியிலிருந்து, அதாவது இணைப்பின் இணைய விலாச எண்ணிலிருந்து, பாட்நெட் சத்தம் வருகிறது என்று பார்த்து, நெட் கம்பெனிகள் வழியாக வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்கிறார்கள்.)

அப்புறம், அம்மா ஒரு விஷயம் சொன்னார். போனில் ஏதாவது சமையல் பக்கத்தைத் திறந்தால் சில நேரம் அது வராமல் ரம்மி விளையாட்டு விளம்பரம் வருகிறதாம். மொபைல் டேட்டாவில் வருவதில்லை, வீட்டு வைஃபையில் மட்டும். இதை அவர் சொன்ன மாத்திரத்தில் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிவிட்டேன்.

சனிக்கிழமை காலை, குரோஷா துணியை எடுத்துவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் ஸ்டிக்கர் மஞ்சளடித்து, பாதி எழுத்து உதிர்ந்து கிடந்தது. பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்து விலாசம் 192.168.0.1, யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். 2013இல் வைஃபை பாஸ்வேர்டை மட்டும் மாற்றி, அதைப் பெரிய சாதனையாக நினைத்து, பெட்டியின் பாஸ்வேர்டை அப்படியே விட்டவன் நான்தான். லேப்டாப்பில் அடித்தேன், திறந்தது. உள்ளே போனால் முதலில் கண்ணில் பட்டது ரிமோட் மேனேஜ்மென்ட்: ஆன், போர்ட் (வாசல் எண் மாதிரி) 8080, உலகத்தில் எந்த ஐபியிலிருந்தும் வரலாம். அதாவது வீட்டுக்குள் இருந்து மட்டும் திறக்க வேண்டிய அந்த லாகின் பக்கம், வீதியில் போகிற எவனுக்கும் திறந்திருந்தது. இதை யார் ஆன் செய்தது என்று அப்பாவைக் கேட்டேன். கேபிள்காரர். நாலு வருடம் முன்னால் ஒரு மழைநாளில் நெட் வராமல் போக, வந்து சரிசெய்துவிட்டு, "இனிமே நான் ஆபீஸ்லேர்ந்தே பார்த்துக்குறேன் சார், நீங்க அலையவேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் நல்ல மனிதர்தான், ஊர் முழுக்க பைக்கில் சுற்ற அவராலும் முடியாது. ஆனால் பூட்டாத கதவு பூட்டாத கதவுதான்.

அடுத்து டிஎன்எஸ். பெயர் சொன்னால் விலாசம் சொல்லும் டைரக்டரி மாதிரி அது. ஒரு தளத்தின் பெயரை நாம் அடித்தால் எந்த முகவரிக்குப் போகவேண்டும் என்று கேட்க அங்கேதான் போன் போகும். அந்த இடத்தில் முதல் கட்டத்தில் நான் ஜென்மத்தில் பார்த்திராத ஒரு வெளிநாட்டு எண், இரண்டாவது கட்டத்தில் கூகுளின் 8.8.8.8. இந்த ஜோடியைப் பார்த்ததும் ஒரு நிமிடம் வியந்துதான் போனேன். முதல் ஆள் திருடன், இரண்டாவது ஆள் யோக்கியன். திருடன் படுத்துவிட்டாலும் யோக்கியன் பதில் சொல்லிக்கொண்டிருப்பான், வீட்டில் நெட் ஒரு நாளும் நிற்காது, ஒருவருக்கும் சந்தேகம் வராது. அம்மாவின் ரம்மி எங்கிருந்து வந்தது என்பதும் அப்போது விளங்கியது. ரம்மியோடு போனது, ஒரு பேங்க் பக்கத்தின் போலியைக் காட்டியிருந்தால் என்ன கதி என்று யோசித்துக்கொண்டே அந்த எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

இதெல்லாம் யாரோ ஒருவன் உட்கார்ந்து எங்கள் வீட்டைக் குறிவைத்துச் செய்தது கிடையாது. அப்பா திரும்பத் திரும்பக் கேட்டது அதைத்தான்: "மன்னார்குடியில இருக்குற என்னை எவனுக்குப்பா தெரியும்?" யாருக்கும் தெரிய வேண்டாம். மாட்டிக்கொண்ட ஒவ்வொரு பெட்டியும் இணையத்தின் மற்ற முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும், எங்கே கதவு திறக்கிறதோ அங்கே நுழையும், நுழைந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டைத் தட்டும். 2016இல் வந்த மிராய் என்ற திருட்டு நிரல் செய்தது இவ்வளவுதான். கையில் அறுபது சொச்சம் யூசர்நேம்-பாஸ்வேர்ட் ஜோடிகள், எல்லாம் கம்பெனியே போட்டு அனுப்பும் அட்மின்-அட்மின் ரகம். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் தொழிலில் போட்டியாளரைக் கவிழ்க்கிற புத்தியில் மூன்று அமெரிக்கப் பையன்கள் எழுதிய நிரல் அது. மூவரும் 2017இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் நிரலை வெளியில் விட்டாகிவிட்டது. 2016 அக்டோபர் 21 அன்று வீட்டு கேமராக்களும் வீடியோ ரெக்கார்டர்களும் ரவுட்டர்களும் சேர்ந்து டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை மூச்சுத் திணற அடித்ததில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ், ரெட்டிட் எல்லாம் அமெரிக்காவில் மணிக்கணக்கில் திறக்கவில்லை.

மிராயிடம் எனக்குப் பிடித்த ஒரு குணம் உண்டு. உள்ளே வந்ததும் ஏற்கெனவே குடியிருக்கும் வேறு திருட்டு நிரல்களை அடித்துத் துரத்திவிட்டு, தான் வந்த வாசலைச் சாத்திக்கொள்ளும். இன்னொன்று, அது பெட்டியின் மெமரியில் மட்டும்தான் இருக்கும், ஆஃப் செய்தால் போய்விடும். ஓட்டை அப்படியே இருப்பதால் ஆன் செய்த சில நிமிடங்களில் அடுத்த ஆள் வந்துவிடுவான், அது வேறு. எங்கள் அப்பா ராத்திரி பத்து மணிக்கு டிவி, ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் மெயின் ஸ்விட்சோடு அணைத்துவிட்டுத்தான் படுப்பார், கரண்ட் மிச்சமாம். கேபிள்காரர் வந்துபோன இந்த நாலு வருடமாகத் தினமும் ராத்திரி வீட்டைக் கழுவி விட்டுவிட்டு, தினமும் காலையில் கதவைத் திறந்து "வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார் மனிதர்.

நம் பக்கத்தில் இது புதிதும் இல்லை. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் வாடிக்கையாளர்களின் மோடம்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன, 60,000க்கு மேல் என்று அப்போது செய்தி வந்தது. பிரிக்கர்பாட் என்ற நிரலை எழுதிய ஆசாமி நான்தான் செய்தேன் என்று தானாகவே வந்து சொன்னார். பாதுகாப்பில்லாத பெட்டி பாட்நெட்காரன் கைக்குப் போகும் முன் நானே கொன்றுவிடுகிறேன் என்பது அவர் கட்சி. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று பிஎஸ்என்எல் அப்போது வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. எத்தனை பேர் மாற்றினோம்? அதே வருடம் எங்கள் வீட்டில் அட்மின்-அட்மின்தான்.

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன். காபி குடித்துக்கொண்டே அப்பா கேட்டார்: "எனக்கு நெட் வருது, வேகமும் குறையல. அவன் ஓரமா கொஞ்சம் உபயோகிச்சிட்டுப் போனா நமக்கென்ன நஷ்டம்?" நியாயமான கேள்வி. மாடி போர்ஷனை வாடகைக்கு விடுகிறவர் என்பதால் அந்தப் பாஷையிலேயே சொன்னேன். "நம்ம மாடியை நமக்குத் தெரியாம ஒருத்தன் மாச வாடகைக்கு விட்டுக்கிட்டு இருக்கான்னு வைங்க. வந்து தங்குறவன் யாருன்னு தெரியாது. அவன் என்ன செஞ்சுட்டுப் போனாலும் போலீஸ் தேடி வர்ற அட்ரஸ் நம்ம அட்ரஸ்." அட்வான்ஸ்கூட வாங்காமலா என்று கேட்டுவிட்டு அப்பா சீரியஸாகிவிட்டார்.

இது நான் உவமைக்குச் சொன்னதில்லை, அச்சு அசலாக இப்படி ஒரு வியாபாரம் இருபது வருடம் நடந்திருக்கிறது. எனிப்ராக்ஸி, ஃபைவ்சாக்ஸ் என்று இரண்டு தளங்கள். ஊர் உலகத்தில் உள்ள பழைய வீட்டு ரவுட்டர்களைப் பிடித்து, அவற்றின் வழியாக இணையத்துக்குப் போகும் உரிமையை மாதம் 9.95 டாலரிலிருந்து 110 டாலர் வரை வாடகைக்கு விட்டார்கள். 7,000க்கு மேல் ப்ராக்ஸி (இப்படி வாடகைக்கு விடும் வழி) கைவசம் என்று விளம்பரமே போட்டிருந்தார்கள். 2025 மே மாதம் அமெரிக்க நீதித்துறை அந்தத் தளங்களைப் பறிமுதல் செய்து, மூன்று ரஷ்யர்கள் மேலும் ஒரு கஜகஸ்தான்காரர் மேலும் குற்றச்சாட்டுப் பதிந்தது. அவர்கள் சம்பாதித்தது 4.6 கோடி டாலருக்கு மேல் என்கிறது அந்தக் குற்றப்பத்திரிகை. வாடகைக்கு எடுக்கிறவனுக்கு என்ன லாபம் என்றால், திருடின கார்டில் பொருள் வாங்கும்போது, ஒருவர் கணக்கின் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும்போது, எதிர்முனையில் தெரிவது ஏதோ ஒரு குடும்பத்தின் வீட்டு முகவரி. டேட்டா சென்டர் முகவரி என்றால் பேங்க் உஷாராகிவிடும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டு ஐபியை யார் சந்தேகப்படுவார்கள்?

அந்த வழக்கோடு எஃப்பிஐ ஒரு மாடல் பட்டியலையும் வெளியிட்டது. லிங்க்சிஸ் ஈ1200, ஈ2500, ஈ4200, டபிள்யூஆர்டி320என் என்று போகும், எல்லாம் 2010ஐ ஒட்டி வந்த, கம்பெனி கைகழுவிய பெட்டிகள். அவற்றில் புகுந்த நிரலின் பெயர் தி மூன். 2014லேயே லிங்க்சிஸ் பெட்டிகளில் தென்பட்ட அதே பழைய ஆள், பதினோரு வருடம் கழித்தும் வேலையில் இருக்கிறான். இதில் என்னை உலுக்கிய தகவல், தி மூனுக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை. திறந்த போர்ட்டைத் தேடி, உள்ளே ஓட்டையுள்ள ஒரு குட்டி நிரலுக்கு ஒரு கட்டளை அனுப்பினால் முடிந்தது. அதாவது நான் 2013இல் உருப்படியாக பதினாறு எழுத்துப் பாஸ்வேர்ட் போட்டிருந்தாலும், அப்டேட் நின்றுபோன பெட்டியில் இந்த மாதிரி ஆளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இதைப் படித்த பிறகுதான் என் குற்ற உணர்ச்சி கொஞ்சம் குறைந்து, கோபம் கம்பெனி பக்கம் திரும்பியது.

சீனாவோடு தொடர்புடையது என்று அமெரிக்கா சொல்லும் வோல்ட் டைஃபூன் ஹேக்கர் குழுவும் சிஸ்கோ, நெட்கியர் கம்பெனிகளின் ஆயுசு முடிந்த ரவுட்டர்களைத்தான் முகமூடியாகப் போட்டுக்கொண்டது. 2024 ஜனவரியில் எஃப்பிஐ கோர்ட் அனுமதியோடு மக்கள் வீட்டுப் பெட்டிகளுக்குள் புகுந்து அதைத் துடைத்ததாக அறிவித்தது. துடைத்த கையோடு அவர்கள் சொன்னது: பெட்டியை ரீஸ்டார்ட் செய்தால் நாங்கள் போட்ட தற்காப்பு போய்விடும், மறுபடி மாட்டலாம், எனவே மாற்றுங்கள். போலீஸே வந்து பூட்டுப் போட்டாலும் காலையில் பூட்டு காணாமல் போகிற வீடு.

நானும் சும்மா தூக்கிப் போட மனசில்லாமல் ஒரு முயற்சி செய்தேன். ஓப்பன்டபிள்யூஆர்டி என்று ஒன்று இருக்கிறது, தன்னார்வலர்கள் எழுதும் இலவச ஃபர்ம்வேர், கம்பெனி கைவிட்ட பெட்டிகளுக்குப் புது உயிர் கொடுக்கும். என் பெட்டியில் ஃபிளாஷ் 4 எம்பி, ரேம் 32 எம்பி. இவ்வளவு குறைந்த இடமுள்ள பெட்டிகளுக்கு அவர்களின் 19.07 பதிப்போடு கதை முடிந்துவிட்டது, அந்தப் பதிப்புக்கும் 2022இல் பராமரிப்பை நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் முழுக்க இதில் போனது. அப்பா இடையில் வந்து, "புதுசு வாங்கிடலாமே, என்ன விலை ஆகும்" என்று கேட்டார், நான்தான் கேட்கவில்லை.

ஞாயிறு ராத்திரி சென்னை திரும்பி, மறுநாள் சாயங்காலம் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கடைப் பையனிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "தம்பி, இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்?" அவன் அட்டைப்பெட்டியைத் திருப்பிக் காட்டி, "மூணு வருஷம் வாரண்டி இருக்குண்ணா." வாரண்டி இல்லைப்பா, அப்டேட். "அதெல்லாம் ஆட்டோமேட்டிக்கா வரும்ணா." எது வரைக்கும்? அவன் முதலாளியைப் பார்த்தான், முதலாளி என்னைப் பார்த்தார், "சார், ரவுட்டர் கெட்டுப்போனா எடுத்துட்டு வாங்க, மாத்தித் தர்றோம்." நாலு கடையில் இதே உரையாடல். அட்டையில் வேகம் இருக்கிறது, ஆன்டெனா எண்ணிக்கை இருக்கிறது, எத்தனை சதுர அடி எடுக்கும் என்று சிரிக்கும் குடும்பப் படத்தோடு இருக்கிறது. இந்த ஒரு தேதி மட்டும் இல்லை. பால் பாக்கெட்டில் தேதி போடுகிறோம், மாத்திரை அட்டையில் போடுகிறோம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டமே இருக்கிறது, இணையத்தில் இணையும் வீட்டுச் சாதனத்துக்கு எந்தத் தேதி வரை பாதுகாப்பு அப்டேட் என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அட்மின்-அட்மின் மாதிரி பொதுப் பாஸ்வேர்ட் போட்டு விற்கவும் கூடாது. அங்கே சொல்ல முடிகிற தேதியை இங்கே அட்டையில் அடிக்க என்ன செலவாகிவிடும்?

ஒரு கடையில் இன்னொன்றும் பார்த்தேன். கண்ணாடி அலமாரிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய பழைய ரவுட்டர்கள், துடைத்து, அடாப்டரோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு, 300 ரூபாய். ஒருவர் இரண்டு எடுத்துக்கொண்டு போனார். மெஸ் ஒன்றில் மாட்டவாம்.

கடைசியில் வாங்கியது 3,400 ரூபாய்க்கு ஒரு வைஃபை 6 பெட்டி, மறுபடி ஊருக்குப் போய் மாட்டினேன். இதற்கும் கம்பெனி பெயர் வேண்டாம், அடுத்து குறைதான் சொல்லப்போகிறேன். நல்லது: முதல் தடவை ஆன் செய்ததும் புது அட்மின் பாஸ்வேர்ட் கொடுத்தால்தான் மேலே நகரவே விடுகிறது. ரிமோட் மேனேஜ்மென்ட் ஆஃப் ஆகத்தான் வருகிறது. விருந்தினர் வைஃபை தனியாக உண்டு, டிவியையும் வாசல் கேமராவையும் அதில் தள்ளிவிட்டேன், இரண்டுமே நம்பிக்கைக்குரிய ஜென்மங்கள் அல்ல. கெட்டது: தானாக அப்டேட் ஆகும் வசதி ஆஃப் ஆக இருந்தது, அதுவும் மூன்று மெனு தாண்டி ஒளிந்திருந்தது. யூபிஎன்பி ஆன் ஆக வருகிறது. வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் நம்மைக் கேட்காமல் வெளியே ஒரு ஜன்னலைத் திறந்துகொள்ள விடுகிற வசதி அது, கேம் ஆடாத வீட்டுக்குத் தேவையில்லை, அணைத்தேன். ஆப் வழியாகச் செட் செய்யப் போனால் லொகேஷன் கேட்கிறது, ஈமெயில் கேட்கிறது. ஷெல்ஃபை விட்டு நகராத பெட்டிக்கு லொகேஷன் எதற்கு? பிரவுசர் வழியாகவே முடித்துக்கொண்டேன்.

தானியங்கி அப்டேட்டை ஆன் செய்தபோது அது தானாகத் தேர்ந்தெடுத்த நேரம் அதிகாலை மூன்று மணி. ஊரெல்லாம் தூங்கும் நேரம், நல்ல யோசனைதான், ஆனால் எங்கள் வீட்டில் பத்து மணிக்கு மெயின் ஸ்விட்ச் விழுந்துவிடுமே. அப்படியே விட்டிருந்தால் இந்தப் பெட்டியும் ஒரு அப்டேட்கூடப் பார்க்காமல் கிழடாகியிருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு மாற்றி வைத்தேன், அப்பா சாப்பிட்டுப் படுக்கிற நேரம்.

கேபிள்காரருக்கு மட்டும் வருத்தம். "ரிமோட் ஆஃப் பண்ணிட்டீங்களா சார், அப்ப நெட் போச்சுன்னா நான் வர்றதுக்கு லேட்டாகும்" என்றார். ஆகட்டும் என்றேன்.

உங்கள் வீட்டில் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியைக் கவிழ்த்து மாடல் எண்ணோடு வெர்ஷன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வெர்ஷன் 2 ஒரு பெட்டி, வெர்ஷன் 8 வேறு பெட்டி, உள்ளே சிப்பே வேறாக இருக்கும். அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமையான சிசா 2025 ஜூனில் டிபி-லிங்க்கின் மூன்று பழைய மாடல்களைத் தாக்கப்படும் பட்டியலில் சேர்த்தபோதும், நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் டபிள்யூஆர்841என் உட்பட, குறிப்பிட்ட வெர்ஷன்களைச் சொல்லித்தான் சேர்த்தது. அந்த எண்ணை வைத்துக் கம்பெனித் தளத்தில் கடைசி ஃபர்ம்வேர் தேதியைப் பாருங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தையது என்றால் ஆயுசு முடிந்த பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் மருந்தில்லை, மாற்றுவதுதான். இன்னொரு பக்கம், அடிக்கடி "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்" என்று கேட்டாலே ரவுட்டர் போய்விட்டது என்று பயந்துவிடவும் வேண்டாம். இப்போது பல ஃபைபர் இணைப்புகளில் ஒரே ஐபியை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பங்கு போட்டுத்தான் கொடுக்கிறார்கள், அதில் எவனோ ஒருவன் செய்த வினைக்கு எல்லோரும் பஸ் படத்தையும் சிக்னல் படத்தையும் அமுக்கிக்கொண்டிருக்கிறோம். ஃபைபர்காரர்களே கொடுத்த பெட்டி என்றால் ஃபர்ம்வேர் நம் கையில் இல்லை, ஐந்தாறு வருடம் ஆகியிருந்தால் புதுசு கேட்டுச் சண்டை போடலாம். கேட்டால் சில நேரம் கொடுக்கிறார்கள்.

ஆக, பழைய பெட்டிக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் கஜாவுக்குத் தாக்குப் பிடித்ததற்காக. புதுசுக்கு இப்போதைக்கு மூன்று. மீதி இரண்டை 2030இல் ஒரு அப்டேட் வந்தால் போடுகிறேன்.

பழையதை என்ன செய்தேன் என்றால், ரீசெட் செய்து, ஒரு கேரி பேக்கில் சுற்றி, "இதை யாருக்கும் கொடுக்காதீங்கப்பா, அடுத்த தடவை வரும்போது நானே எடுத்துட்டுப் போய் இ-வேஸ்ட்ல போட்டுடுறேன்" என்று பரணில் வைத்துவிட்டு வந்தேன். நேற்று போன் செய்தபோது நீடாமங்கலம் சித்தப்பா வந்துவிட்டுப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா. அவர் வீட்டுக்குப் புது நெட் கனெக்‌ஷன் கொடுத்திருக்கிறார்களாம், வைஃபைக்குப் பெட்டி வாங்க வேண்டும் என்றாராம். "பரண்ல சும்மாதானே கிடந்துச்சு, கொடுத்தனுப்பிட்டேன். மாடி வரைக்கும் நல்லா எடுக்குதாம்."